காய்மகாரமும் மட்டசனமும்: வாசகர் கேள்வி-பதில்

தவக்காலத்தை ஒட்டி, தலையான பாவங்கள் ஏழும் (அகங்காரம், உலோபித்தனம் என்கிற பண ஆசை, மோகம், கோபம், போசனப்பிரியம் என்கிற உணவாசை, காய்மகாரம் என்கிற பொறாமை, சோம்பல்) அவற்றுக்கு எதிரான புண்ணியங்களும் குறித்து நிறையக் கடிதங்கள் வந்திருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஏழு தலையான பாவங்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறேன். போன வாரம் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், இது பைபிளில் எந்த அதிகாரம்? கொலை ஏன் இதில் இல்லை?" என்று கேட்டுவிட்டான். என்ன சொல்வது?
- மறைக்கல்வி ஆசிரியை, வடக்கன்குளம்

பதில்: பையனுக்கு ஒரு சபாஷ். பட்டியலாக அது எந்த அதிகாரத்திலும் இல்லை. நீதிமொழிகள் 6:16-19இல் ஆண்டவர் வெறுக்கும் ஏழு வருகின்றன, ஆனால் அவை வேறு ஏழு: இறுமாப்புள்ள கண், பொய் பேசும் நாவு, குற்றமற்றவரின் இரத்தம் சிந்தும் கை என்று அந்தப் பட்டியல் போகும். போசனப்பிரியமோ காய்மகாரமோ அதில் கிடையாது. பவுல் கலாத்தியருக்கு எழுதியது (5:19-21) இன்னும் நீளமான பட்டியல்.

நாம் மனப்பாடம் செய்யும் பட்டியல் பிறந்த இடம் எகிப்தின் பாலைவனம். பொந்துஸ் பகுதியிலிருந்து வந்து அங்கே துறவியாக வாழ்ந்து 399இல் இறந்த எவாகிரியுஸ், தனிமையில் இருப்பவனைத் தாக்குபவை எட்டு என்று எழுதினார்: வயிற்றாசை, மோகம், பண ஆசை, துயரம், கோபம், சலிப்பு, வீண்மகிமை, அகங்காரம். அவற்றை அவர் பாவங்கள் என்று சொல்லவில்லை, 'எண்ணங்கள்' என்றார். எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அதைத் தங்க விடுவதா வேண்டாமா என்பதுதான் நம் கையில் என்பது அவர் கணக்கு. யோவான் கசியான் என்ற துறவி இந்த எட்டையும் லத்தீனில் எழுதி மேற்குக்குக் கொண்டுபோனார். 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியார் யோபு நூலுக்கு எழுதிய விளக்கத்தில் பட்டியலைக் கலைத்து அடுக்கினார். அகங்காரத்தைத் தனியே எடுத்து எல்லாத் தீமைக்கும் அரசியாக உட்கார வைத்தார். துயரத்தோடு சலிப்பைச் சேர்த்தார். எவாகிரியுஸிடம் இல்லாத காய்மகாரத்தைப் புதிதாக நுழைத்தார். பிற்காலத்தில் வீண்மகிமை அகங்காரத்துக்குள் அடங்கிப்போய், துயரம் இருந்த இடத்தில் சோம்பல் வந்து உட்கார, இன்றைய ஏழு நிலைத்தது.

இனி கொலை. 'தலையான' என்றால் 'மிகப் பெரிய' என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தலைவன், படைத்தலைவன் என்கிற பொருளில்தான் அந்தத் 'தலை'. கிரகோரியார் ஒவ்வொன்றுக்கும் ஒரு படையைக் கொடுத்தார், அவற்றை 'மகள்கள்' என்பார்கள். காய்மகாரத்தின் மகள்கள்: பகை, காதோடு காதாகக் கோள் சொல்வது, புறணி, அடுத்தவர் விழுந்தால் மகிழ்வது, அடுத்தவர் வாழ்ந்தால் வருந்துவது. பண ஆசையின் மகள்கள்: துரோகம், மோசடி, பொய்ச் சத்தியம், மன அமைதியின்மை, வன்முறை, இரக்கமற்ற மனம். கொலை ஏழையும்விடப் பெரிய பாவம்தான். ஆனால் கொலைக்குத் தாய் உண்டு: கோபம், பண ஆசை, காய்மகாரம் இவற்றில் ஏதோ ஒன்று. காயின் ஆபேலைக் கொன்ற கதையைப் பிள்ளைகளிடம் சொல்லி, தாய் யார் என்று கேளுங்கள். சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: எதிரான புண்ணியங்கள் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கின்றன. ஒன்றில் கோபத்துக்குப் பொறுமை, இன்னொன்றில் சாந்தம். ஒன்றில் ஏழு புண்ணியம் என்றாலே நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று தொடங்குகிறது. எது சரி?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: மூன்று தனித்தனிப் பட்டியல்கள் குழம்பிக் கிடக்கின்றன.

பழைய ஞானோபதேசத்தில் (மறைக்கல்விப் புத்தகத்தில்) படித்தவர்களுக்குத் தெரிந்தது முதலாவது. அகங்காரத்துக்குத் தாழ்ச்சி, உலோபித்தனத்துக்கு உதாரம் (தாராளம்), மோகத்துக்குக் கற்பு, கோபத்துக்குப் பொறுமை, போசனப்பிரியத்துக்கு மட்டசனம், காய்மகாரத்துக்குப் பிறர்சிநேகம், சோம்பலுக்குச் சுறுசுறுப்பு. (மட்டசனம் என்பது அழகான சொல், அதை வழக்கொழிய விட்டது நம் தவறு. அசனம் என்றால் உணவு. மட்டாக உண்பது மட்டசனம். காய்மகாரமும் அப்படித்தான். காய்தல் என்றால் எரிதல், வெறுத்தல். 'பொறாமை'யில் அந்தச் சூடு இல்லை.)

நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகிய இறைப் புண்ணியங்கள் மூன்றும், விவேகம், நீதி, மனத்திடம், தன்னடக்கம் ஆகிய தலையான நற்பண்புகள் நான்கும் சேர்ந்து இன்னோர் ஏழு. ஏழும் ஏழும் ஒத்துப்போகிறதே என்று ஜோடி சேர்க்கப் பார்க்காதீர்கள். மனத்திடத்துக்கு எதிரே எதை வைப்பீர்கள்? கோழைத்தனத்தை. அது தலையான ஏழில் இல்லை.

மூன்றாவது, 348இல் பிறந்த லத்தீன் கவிஞர் புருதென்சியுஸ் பாடிய போர்க்களம். புண்ணியங்களையும் தீமைகளையும் பெண் வீரர்களாக்கி, ஏழு சண்டைகளாக மோதவிட்டார். இவருடைய ஏழும் நம் ஏழல்ல. விசுவாசம் சிலை வழிபாட்டோடும், ஒற்றுமை பிரிவினையோடும் மோதும். காய்மகாரத்துக்கு அங்கே தனிச் சண்டையே இல்லை. ஆனால் பொறுமையும் கோபமும் மோதும் இடத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பொறுமை அசையாமல் நிற்கிறாள். கோபம் ஈட்டி எறிகிறாள், அது கவசத்தில் பட்டுத் தெறிக்கிறது. அம்புமாரி பொழிகிறாள், ஒன்றும் நடக்கவில்லை. ஓடிவந்து வாளை ஓங்கித் தலையில் போடுகிறாள். தலைச்சீராவில் பட்டு வாள் சுக்குநூறாகிறது, கையில் பிடி மட்டும் மிஞ்சுகிறது. அந்த ஆத்திரத்தில், தான் எறிந்து தரையில் கிடந்த ஈட்டியையே எடுத்துத் தன்னைக் குத்திக்கொண்டு சாகிறாள். பொறுமை ஒரு விரலைக்கூடத் தூக்கவில்லை. அவள் கூடவே நடந்து வருபவர் யோபு.

சாந்தமா பொறுமையா என்றால், இறையியலாளர் தோமா அக்குவினாஸ் (1225-1274) இரண்டையும் பிரிக்கிறார். கோபத்தை அளவுக்குள் வைப்பது சாந்தம். துன்பம் வரும்போது துயரத்தில் உடைந்துபோகாமல் தாங்குவது பொறுமை. வேலைக்காரர் தட்டை உடைத்தபோது கத்தாமல் இருப்பது சாந்தம், மூன்று மாதமாகக் குறையாத முழங்கால் வலியோடு இருப்பது பொறுமை. ஞானோபதேசம் சிறுவர்களுக்காகச் சுருக்கி இரண்டையும் ஒன்றாக்கியது. உங்கள் சிக்கல் எது என்று பார்த்து மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் எப்படியிருந்தாலும் நோய்தான் முதலில் தெரிய வேண்டும்.

கேள்வி: காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் படுக்கிறேன். வீடு, வேலை, பங்குப்பேரவை, அன்பியம் (அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவர்களின் குழு) என்று ஓட்டம்தான். ஆத்தும சோதனையில் (என் பாவங்களை நானே நினைத்துப் பார்க்கும்போது) 'சோம்பல்' வந்தால் தாண்டிப் போய்விடலாமா?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: அங்கேதான் நிற்க வேண்டும். நம் 'சோம்பல்' என்ற சொல் படுத்துக் கிடப்பவரைக் காட்டுகிறது. அதற்கு மூலமான கிரேக்கச் சொல் 'அகேதியா'. அக்கறை அற்றுப்போவது என்று அதற்குப் பொருள்.

எவாகிரியுஸ் அதைப் படம் பிடித்த மாதிரி எழுதியிருக்கிறார். காலை பத்து மணிவாக்கில் வந்து பிற்பகல் இரண்டு மணிவரை பிடித்துக்கொள்ளும் என்கிறார். சூரியன் நகரவே இல்லை, பகல் ஐம்பது மணி நேரம் என்று தோன்றும். துறவி அடிக்கடி சன்னலைப் பார்ப்பான். வெளியே வந்து, சாப்பாட்டு நேரமான மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனை அளப்பான். யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பான். பிறகு இருக்கும் இடம் பிடிக்காது, கைவேலை பிடிக்காது. 'இங்கே யாரிடமும் அன்பு இல்லை' என்று தோன்றும். வேறோர் ஊரில் இருந்தால் நன்றாகச் செய்யலாமே என்று தோன்றும். வீட்டார் நினைவு, பழைய வாழ்க்கை நினைவு, இன்னும் எத்தனை வருடம் இப்படி என்கிற மலைப்பு. திருப்பாடல் 91இன் ஆறாம் வசனம் கிரேக்க மொழிபெயர்ப்பில் சொல்லும் 'நண்பகல் பேய்' இதுதான் என்று அந்தத் துறவிகள் எடுத்துக்கொண்டார்கள்.

சன்னலுக்குப் பதில் செல்போனை வைத்துப் படித்துப் பாருங்கள்.

அந்தத் துறவி சும்மா இல்லை என்பதைக் கவனியுங்கள். எழுகிறான், நடக்கிறான், நோயாளியைப் பார்க்கப் போகலாமே என்றுகூட யோசிக்கிறான். செய்ய வேண்டிய ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் செய்கிறான். அக்குவினாஸ் இதற்கு இலக்கணம் சொல்லும்போது, ஆன்மிக நன்மையைக் கண்டு வரும் துயரம் என்கிறார். கடவுளில் மகிழ வேண்டிய இடத்தில் மனம் கனத்துப்போவது. ஆகவே பதினெட்டு மணி நேர ஓட்டமும் அகேதியாவாக இருக்கலாம். சோதித்துப் பார்க்க ஒரு வழி: ஓட்டம் நின்று ஒரு கால்மணி நேரம் தனியாகச் செபிக்கக் கிடைத்தால், உள்ளுக்குள் நிம்மதியா, தப்பி ஓடும் எண்ணமா? இரண்டாவது என்றால் தாண்டிப் போகாதீர்கள்.

மருந்து என்னவென்றால் இடத்தை விட்டு அசையாமல் இருப்பது. எவாகிரியுஸ் இதைத்தான் முதலில் சொல்கிறார்: அறையை விட்டு வெளியேறாதே, காரணம் எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். குறித்த நேரம் செபிக்க மனம் வராதபோது, குறித்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக இரு. சோதிக்கும் எதிராளியைத் தோற்கடிக்கவும் பழகு என்கிறார். கால்மணி என்று குறித்திருந்தால் பதினாறு நிமிடம். ஒரே ஒரு நிமிடம் போதும். பலர் தவறுவது இங்கேதான். நல்ல உற்சாகம் வந்த நாளில் கால்மணியை ஒரு மணியாக்குகிறார்கள், நான்காம் நாள் விட்டுவிடுகிறார்கள். உற்சாகமான நாளில் கூட்டாதீர்கள், வறண்ட நாளில் குறைக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. எதிலும் ஈடுபாடின்மை, தூக்கக் கேடு, பசியின்மை, அழுகை இவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி (குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் இடம்) இடமில்லை, மருத்துவரிடம் போக வேண்டும். நோயைப் பாவம் என்று சொல்லி ஒருவரை இன்னும் அழுத்துவது கொடுமை.

கேள்வி: நான் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடுவதில்லை. காபி மட்டும் முதல் டிகாக்ஷனில், கொதிக்கக் கொதிக்க, சரியான கசப்பில் வேண்டும். இல்லையென்றால் தள்ளிவைத்துவிடுவேன். இது போசனப்பிரியம் என்கிறார் மாமியார். அப்படியா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மாமியார் கிரகோரியாரைப் படித்திருக்கிறார் போலிருக்கிறது. போசனப்பிரியம் ஐந்து வழியில் வரும் என்று அவர் எழுதினார், அளவு அதில் ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் பழைய ஏற்பாட்டிலிருந்து ஆள் காட்டுகிறார். நேரத்துக்கு முன் உண்பது: தந்தை விதித்த நோன்பு முடியுமுன் கோல் நுனியில் தேனைத் தொட்டுச் சுவைத்த யோனத்தான். உயர்ந்த உணவு கேட்பது: மன்னா இருக்க இறைச்சிக்கு அழுத இஸ்ரயேலர். சமைக்கும் பக்குவத்தில் பிடிவாதம்: ஏலியின் மகன்கள், அவித்த இறைச்சி வேண்டாம், பச்சையாகக் கொடு, பொரித்துக்கொள்கிறோம் என்றவர்கள். அளவு மீறுவது: எசேக்கியேல் 16:49 சொல்லும் சோதோம். கடைசியாக, பறக்காவெட்டியாய்ப் பாய்வது: ஒரு கோப்பை பயற்றங்கூழுக்குத் தலைப்பேற்றை, அதாவது மூத்த மகன் உரிமையை, விற்ற ஏசா. பயற்றங்கூழ் மலிவான சாப்பாடுதான், அளவும் அதிகமில்லை. பாய்ந்த வேகம்தான் குற்றம்.

உங்கள் காபி ஏலியின் மகன்கள் வகை. பதற வேண்டாம், அது சாவான பாவம் (மிகக் கனமான பாவம்) அல்ல. நல்ல காபியை ரசிப்பது பாவமே அல்ல. தள்ளிவைக்கும்போது முகம் எப்படி இருக்கிறது, போட்டுக்கொடுத்தவர் மனம் என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், வருகிற காபியை எதுவும் சொல்லாமல் குடிப்பது இதற்கான மட்டசனம். அந்த ஒரு நாள் எது என்று மாமியாரிடம் சொல்லாதீர்கள்.

அளவு பற்றி இஞ்ஞாசியார் சொன்ன ஒரு குறிப்பு மிகவும் உதவும். அடுத்த வேளை எவ்வளவு உண்பது என்பதை, இந்த வேளை உண்டு முடித்த பின், பசி இல்லாதபோது முடிவு செய்து வைத்துவிட வேண்டும். தட்டின் முன் உட்கார்ந்து முடிவு செய்தால் பசிதான் முடிவு செய்யும்.

ஒருசந்தி (நோன்பு), சுத்தபோசனம் பற்றியும் பலர் கேட்டிருந்தார்கள். ஒருசந்தி 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வயது நிறையும்வரை, சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். முழுச் சாப்பாடு ஒரு வேளை, மற்ற இரு வேளை சிறிது. அந்தச் சிறிது இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாடு ஆகிவிடக் கூடாது. சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, 14 வயது நிறைந்ததிலிருந்து. நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒருசந்தி கட்டாயமில்லை. நடைமுறையில் கெட்டுப்போவது இரண்டு இடங்களில்: பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவில் மூன்று வேளைக்கும் சேர்த்து உண்பது ஒன்று, ஆட்டிறைச்சிக்குப் பதில் இறால் பிரியாணி சமைப்பது இன்னொன்று. சட்டப்படி இறாலில் குற்றமில்லை. சிரிப்புத்தான் வருகிறது.

கேள்வி: அலுவலகத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. இது காய்மகாரமா, நியாயமான வருத்தமா?
- வாசகர், திருச்சி

பதில்: அக்குவினாஸ் இதை நான்காகப் பிரிக்கிறார். உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். அவர் மேலே வந்தால் என்னைத் துன்புறுத்துவார் என்று கலங்கினால் அது அச்சம், பாவமல்ல. அவரிடம் இருக்கும் திறமை எனக்கு இல்லையே என்று வருந்தினால் அது ஊக்கம், நல்லதாகவும் இருக்கலாம். தகுதியற்றவருக்குக் கிடைத்ததே என்று கொதித்தால் அது அநியாயத்தின் மேல் வரும் சீற்றம். உலக நன்மைகளைக் கடவுள் தம் நியாயப்படிதான் பங்கிடுகிறார் என்பதால் அக்குவினாஸ் இதை ஊக்குவிக்கவில்லை. அவருக்கு இந்த நன்மை வந்ததே, அதனால் நான் சிறுத்துப்போனேனே என்று வருந்தினால் அதுதான் காய்மகாரம்.

பிரித்தறிய எளிய கேள்வி ஒன்று: நாளை உங்களுக்கும் அதே பதவி கிடைத்துவிட்டால் இந்த வருத்தம் முழுதும் போய்விடுமா, அல்லது அவர் இறங்கினால்தான் போகுமா?

மருந்து, அவரைப் பற்றிப் பேச்சு வரும்போது உண்மையான ஒரு நல்ல விஷயத்தை, பெயர் சொல்லி, குறிப்பாகச் சொல்வது. 'நல்ல மனுஷன்' என்று பொதுவாகச் சொன்னால் வேலைக்காகாது. 'அந்தக் கணக்கை இரண்டே நாளில் முடித்தார்' என்று சொல்ல வேண்டும். பொய்ப் புகழ்ச்சி கூடாது, அது காய்மகாரத்துக்கு முகமூடி. இரண்டாவது, அவருக்கு ஏதாவது துன்பம் இருக்கும், அதைத் தெரிந்துகொள்வது. காய்மகாரம் அடுத்தவர் நன்மைக்கு வருந்துகிறது, இரக்கம் அடுத்தவர் துன்பத்துக்கு வருந்துகிறது. ஒருவர் மேல் இரக்கம் வந்த இடத்தில் காய்மகாரம் உட்கார இடம் கிடைக்காது.

கேள்வி: கோபமே பாவம்தானா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. "சினமுற்றாலும் பாவம் செய்யாதிருங்கள்" என்பதுதான் எபேசியர் 4:26இன் கருத்து. கை சூம்பியவரைக் குணப்படுத்தும் முன் இயேசு சினத்துடன் சுற்றிலும் பார்த்தார் என்று மாற்கு 3:5 சொல்கிறது. கோபப்பட வேண்டிய இடத்தில் கோபமே வராமல் இருப்பதும் குறைதான் என்கிறார் அக்குவினாஸ். பிள்ளையை யாரோ அடித்தபோது சாந்தமாக இருப்பவரை யாரும் புனிதர் என்று சொல்ல மாட்டார்கள்.

கோபக்காரர்கள் மூன்று வகை: சுள்ளென்று பொங்கி அடங்குபவர், உள்ளே வைத்துப் புழுங்குபவர், பழிவாங்காமல் விடாதவர். முதல் வகைக்கு, பதில் சொல்லுமுன் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லும் நேரம் காத்திருப்பது போதும். இரண்டாவது வகைக்கு அதே மருந்து கொடுத்தால் கெட்டுப்போகும். அவர் ஏற்கெனவே மாதக் கணக்கில் காத்திருக்கிறார். அவர் போய்ப் பேச வேண்டும்.

கேள்வி: மாதா மாதம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். சொல்வது ஒரே பாவம். சாமியாருக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். என்ன செய்வது?
- வாசகர், மதுரை

பதில்: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் அங்கீகாரம் பெற்ற இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சியில் 'தனிச் சோதனை' என்று ஒரு முறை இருக்கிறது. அது அப்படியே கணக்கு நோட்டுத்தான்.

ஒரு பக்கத்தில் ஏழு நாளுக்கு ஏழு ஜோடிக் கோடுகள் போடுங்கள். ஒரு நாளுக்கு இரண்டு கோடு. இஞ்ஞாசியார் ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னால் ஓர் எழுத்தைப் போடச் சொல்கிறார்; ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிய எழுத்து, திங்கள் அதைவிடச் சிறிது, இப்படிச் சனிவரை சிறுத்துக்கொண்டே போகும். விழுவதும் அப்படிக் குறைய வேண்டும் என்பது அதில் தெரியும் ஆசை.

காலையில் எழுந்ததும், இன்று எந்த ஒன்றில் கவனமாக இருப்பது என்று முடிவு. மதியச் சாப்பாட்டுக்குப் பின், எழுந்த நேரம் தொடங்கி மணிக்கு மணி நினைத்துப் பார்த்து, எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளி முதல் கோட்டில். இரவுச் சாப்பாட்டுக்குப் பின், மதியத்திலிருந்து அதுவரை நடந்தது இரண்டாம் கோட்டில். இரவில் இரண்டு கோட்டையும் ஒப்பிட வேண்டும். மறுநாளை முந்தின நாளோடும், வாரத்தை வாரத்தோடும். விழுந்த அந்த நொடியில் நெஞ்சில் கை வைத்து வருந்த வேண்டும் என்பது இன்னொரு குறிப்பு. பலர் நடுவிலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்று அவரே சொல்கிறார்.

இதில் தவறுவது எங்கே என்றால், முதலில், ஏழையும் ஒரே சமயத்தில் எடுப்பது. ஒன்றுதான் எடுக்க வேண்டும். அடுத்தது, எண்ண முடியாததை எடுப்பது. 'கோபம்' என்று எழுதினால் இரவில் எண்ண எதுவும் கிடைக்காது. 'மகளிடம் பாடம் சொல்லித்தரும்போது குரலை உயர்த்துவது' என்று எழுதினால் எண்ணலாம். 'காய்மகாரம்' என்பதைவிட 'டீ நேரத்தில் இன்னாரைக் குறைத்துப் பேசியது'. கிரகோரியார் சொன்ன அந்த 'மகளை' எண்ணினால், அவளைப் பெற்ற தாயான பாவம் தானாகத் தெரியும்.

முதல் வாரம் புள்ளிகள் கூடும். அதைப் பார்த்துப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் மோசமாகிவிடவில்லை, கவனிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். விழுவது குறைந்த பிறகு, அதே கோட்டில் எதிரான புண்ணியத்தை எண்ணத் தொடங்கலாம்: பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது எத்தனை முறை. வெறுமனே ஒன்றைச் செய்யாமல் இருப்பதால் புண்ணியம் வளர்வதில்லை. கை பழகுவது போல அதுவும் செய்து செய்துதான் பழகும்.

ஒரு சாராருக்கு மட்டும் இந்த நோட்டு வேண்டாம். எதைச் செய்தாலும் பாவமோ என்று நடுங்குபவர்கள், சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்பவர்கள். இவர்களுக்குப் புள்ளி வைப்பது புண்ணைச் சொறிவது மாதிரி. அவர்கள் ஒரே குருவானவரிடம் தொடர்ந்து போய், அவர் 'போதும்' என்றால் போதும் என்று இருக்க வேண்டும்.

கேள்வி: பாவசங்கீர்த்தனத்தில் "தலையான பாவங்கள் ஏழும் கட்டிக்கொண்டேன்" என்று சொன்னால் போதுமா?
- வாசகர், சிவகங்கை

பதில்: போதாது. அவை பாவத்தின் ஊற்றுகள், செயல்கள் அல்ல. சாவான பாவம் எனில் வகையும் எண்ணிக்கையும் சொல்ல வேண்டும். விஷயம் கனமானது, தெரிந்தே செய்தது, முழுமனதோடு செய்தது, மூன்றும் இருந்தால்தான் சாவான பாவம். கொச்சியில் 1580இல், பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டவென்றே தமிழில் 'கொம்பெசியோனாயரு' என்று ஒரு புத்தகம் அச்சாகியிருக்கிறது. தமிழில் அச்சான மிகப் பழைய நூல்களில் அது ஒன்று. அன்றைக்கே இதைக் கேட்டிருக்கிறார்கள் என்று தைரியமாக இருங்கள்.

கேள்வி: சிக்கனமாக இருப்பது உலோபித்தனமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: இல்லை. தாராளம் என்பது கஞ்சத்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் விழலாம். பணம் கையைவிட்டுப் போகும்போது வலிக்கிறதா என்று பார்ப்பதைவிட, கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்கும்போது வலிக்கிறதா என்று பாருங்கள். வேலைக்காரரின் கூலியில் மிச்சம் பிடிப்பது சிக்கனமல்ல.

கேள்வி: எங்கள் அன்பியத்தில் ஒருவர் எப்போதும் "நான் பெரும் பாவி, எனக்கு ஒன்றும் தெரியாது" என்பார். வேறு யாராவது ஆமாம் என்றால் மட்டும் கோபம் வந்துவிடும். இது தாழ்ச்சியா?
- வாசகர், புதுச்சேரி

பதில்: கடைசி வரியிலேயே பதிலை எழுதிவிட்டீர்கள். வீண்மகிமையை வெங்காயத்துக்கு ஒப்பிட்டார்கள் பாலைவன மூத்தோர், கசியான் குறித்து வைத்திருக்கிறார்: ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொரு தோல். நல்ல உடை உடுத்திப் பெருமை தேடுவார்; அதைக் கழற்றினால் கந்தையில் பெருமை தேடுவார். பேச்சில் தேடுவதை நிறுத்தினால் மௌனத்தில் தேடுவார். நோன்பை வெளியே காட்டாமல் மறைத்தால், மறைத்ததில் தேடுவார்.

அவரைத் திருத்தப் போக வேண்டாம். உங்களுக்கு ஒன்று சொல்கிறோம்: யாராவது பாராட்டினால் "ஐயோ, நான் ஒன்றுமே செய்யவில்லை" என்று நீட்டாதீர்கள், பாராட்டு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். "நன்றிங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை அடுக்கப் போங்கள்.